பெரிய திரை, பெரிய விலை: ஐமேக்ஸ் வகைத் தியேட்டர்கள் பற்றி எங்கள் ஊரில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலையில் கல்யாண வீடு, பள்ளிக்கூட விழா, கோயில் திருவிழா என்று புரொஜெக்டரும் ஸ்பீக்கரும் வாடகைக்குக் கொடுப்பது என் வேலை. அதனால் யாராவது கொழும்புக்கோ சென்னைக்கோ புறப்பட்டால் எனக்கு ஒரு கோல் வரும்: "அண்ணா, அந்தப் பெரிய திரையில் பார்க்கிறது காசுக்கு வொர்த்தா?" உவர்மலையில் இருந்தும் கிண்ணியாவில் இருந்தும் மூதூரில் இருந்தும் கேட்டவை எல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

பிரீமியம் லார்ஜ் ஃபார்மட் எண்டு சொல்லுறாங்களே, அது என்ன சாமான்?

சாதாரண தியேட்டரை விடப் பெரிய திரை, வெளிச்சம் கூடிய புரொஜெக்டர், கூடுதல் ஸ்பீக்கர், சில இடங்களில் நல்ல கதிரை. இவற்றை ஒன்றாகச் சேர்த்து, ஒரு பெயர் வைத்து, கூடுதல் விலைக்கு டிக்கெட் விற்கிறார்கள். அவ்வளவுதான்.

பெயரில் இரண்டு வகை உண்டு. ஐமேக்ஸ், டால்பி சினிமா, இந்தியாவின் எபிக் போன்றவை வெளிக் கம்பனிகளின் பெயர்கள். கருவி, திரை, சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்று அந்தக் கம்பனி நிபந்தனை போடும். மற்றது தியேட்டர்காரர்கள் தாங்களே வைத்துக்கொண்ட பெயர்: பி.வி.ஆரின் பி எக்ஸ்எல், ஐநொக்ஸின் பிக்பிக்ஸ், அமெரிக்காவில் சினிமார்க்கின் எக்ஸ்டி என்று நிறைய. இந்த இரண்டாவது வகைக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. திரை எத்தனை அடி இருக்க வேண்டும், எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்று யாரும் விதித்துவைக்கவில்லை. சில நன்றாக இருக்கும், சில வெறும் போர்டுதான்.

இது என்ன புதுசா? அப்பா காலத்திலயும் 70 எம்.எம். எண்டு போஸ்டர் ஒட்டினவங்கள்தானே?

ஒட்டினார்கள். 1973இல் வந்த ராஜராஜ சோழன் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம், 1986இல் வந்த மாவீரன் முதல் 70 எம்.எம். தமிழ்ப் படம் என்றெல்லாம் விளம்பரம் செய்தே படத்தை ஓட்டியிருக்கிறார்கள். நெல்சன், சரஸ்வதி என்று எங்கள் ஊர்ப் படமாளிகைகளைப் பற்றிக் கதைக்கும் பெரியவர்கள் இன்றும் '70 எம்.எம்.' என்று சொல்லும்போது குரலே மாறும்.

ஆனால் அந்தக் காலத்து 70 எம்.எம். படங்கள் பலவற்றை எடுத்தது 35 எம்.எம். பிலிமில்தான். பிறகு அதை 70க்குப் பெருப்பித்தார்கள். 1975இல் வந்த ஷோலேயும் அப்படித்தான். பெருப்பித்ததால் படத்தில் புதிதாக ஒரு நுணுக்கமும் வந்துவிடாது. ஆனால் அகலமான பிலிமின் ஓரத்தில் ஆறு ஒலித்தடம் வைக்க இடம் கிடைத்தது, அதனால் சத்தம் உண்மையிலேயே முன்னேறியது. இன்றைய பெரிய திரைகளிலும் இதே கதைதான் ஓடுகிறது: கிடைப்பதில் பாதி உண்மையான முன்னேற்றம், மீதி பெருப்பித்தது. எது எது என்று பிரித்துப் பார்க்கத்தான் கீழே உள்ள பதில்கள்.

ஐமேக்ஸ் எண்டு போர்டு போட்டால் எல்லா இடமும் ஒண்டுதானே?

இல்லை. அதிகமாக ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஐமேக்ஸ் 1967இல் கனடாவில் தொடங்கிய கம்பனி. 70 எம்.எம். பிலிமைப் படுக்கையாக ஓட்டுவது அவர்களுடைய கண்டுபிடிப்பு. ஒரு சட்டகத்துக்குப் பிலிமின் ஓரத்தில் 15 துளைகள். சாதாரண 70 எம்.எம். சட்டகத்தைப் போல மூன்று மடங்குக்கு மேற்பட்ட பரப்பு. அதைக் காட்டும் திரை கிட்டத்தட்டச் சதுரமாக, பல மாடிக் கட்டட உயரத்துக்கு நிற்கும். லண்டன் வாட்டர்லூவில் உள்ள பி.எஃப்.ஐ. ஐமேக்ஸ் திரை 20 மீற்றர் உயரம், 26 மீற்றர் அகலம்.

2008இல் கம்பனி டிஜிட்டலுக்கு மாறத் தொடங்கியது. இரண்டு 2கே (படத்தின் அகலத்தில் ஏறக்குறைய 2,000 புள்ளி; 4கே என்றால் 4,000) புரொஜெக்டரைச் சேர்த்து ஓட்டி, ஏற்கனவே இருந்த மல்டிபிளெக்ஸ் அரங்குகளைத் திருத்தி, அதே பெயரை வைத்தார்கள். திரை பழைய ஐமேக்ஸை விட மிகச் சிறியது, விலை மட்டும் கூடியது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ரசிகர்கள் கொதித்தெழுந்து 'லைமேக்ஸ்' ('லை' என்றால் பொய்) என்று பட்டம் சூட்டினார்கள். பிறகு 2014, 2015 அளவில் இரண்டு 4கே லேசர் புரொஜெக்டர் கொண்ட உயர்ந்த வகை வந்தது. அதற்குப் பிறகு ஒற்றை லேசர் கொண்ட மலிவான வகையும் வந்தது.

ஆகவே இன்று ஒரே பெயரின் கீழ் குறைந்தது நான்கு வகை ஓடுகிறது: பிலிம், இரட்டை லேசர், ஒற்றை லேசர், பழைய செனன் விளக்கு டிஜிட்டல். நால்வர் நான்கு இடத்தில் பார்த்துவிட்டு வந்து 'ஐமேக்ஸ்' பற்றிச் சண்டை பிடித்தால், நால்வரும் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

1.43, 1.90, 2.39 எண்டு போடுற இலக்கமெல்லாம் எனக்கு விளங்கேல்ல.

படத்தின் அகலத்தை உயரத்தால் வகுத்தால் வருவது. எண் பெரிதானால் படம் ஒடுங்கி நீளும். 2.39 என்பது நாங்கள் வழமையாகப் பார்க்கும் ஸ்கோப். 1.43 பழைய ஐமேக்ஸ் பிலிமின் வடிவம். 1.90 டிஜிட்டல் ஐமேக்ஸ் வடிவம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சாதாரணத் தியேட்டர்களில் உள்ள 4கே டிஜிட்டல் புரொஜெக்டரின் முழுச் சட்டமும் 4096க்கு 2160, அதாவது 1.90தான். ஆகவே 1.90 என்பது ஐமேக்ஸின் தனிச்சொத்து இல்லை. மற்றத் தியேட்டர்கள் அந்தச் சட்டத்தின் மேலும் கீழும் கொஞ்சத்தை வெறுமையாக விடுகின்றன, ஐமேக்ஸ் அதை நிரப்புகிறது.

படம் அந்த வடிவத்துக்காகவே எடுக்கப்பட்டிருந்தால், 1.90 திரையில் ஸ்கோப்பை விட 26 சதவீதம் கூடுதல் படம் தெரியும், 1.43இல் 67 சதவீதம். விளம்பரத்தில் வரும் '26 சதவீதம் கூடுதல்' இதுதான். பொய் இல்லை. ஆனால் முழுப் படத்துக்கும் அப்படியா, சில காட்சிகளுக்கு மட்டுமா என்பதை விளம்பரம் சொல்லாது. சாதாரண ஸ்கோப் படத்தை அதே 1.90 திரையில் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டி விழும். திரை உயரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சும்மா கிடக்கும்.

தமிழ்ப் படத்தை ஐமேக்ஸில பாத்தால் கூடுதலா ஏதும் தெரியுமா?

2022இல் வந்த பொன்னியின் செல்வன் முதல் பாகம்தான் ஐமேக்ஸில் வெளியான முதல் தமிழ்ப் படம். அதற்குப் பிறகு வேறு பெரிய படங்களும் வந்தன. இப்படி வருபவை ஐமேக்ஸ் பிலிம் கமராவில் எடுக்கப்பட்டவை அல்ல. சாதாரண டிஜிட்டல் கமராவில் எடுத்த படத்தை ஐமேக்ஸ் கம்பனி தன் மென்பொருளில் போட்டு, துகளைக் குறைத்து, கூர்மையைத் திருத்தி, சத்தத்தையும் தன் ஸ்பீக்கர் அமைப்புக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்கும். 2002 முதல் செய்துவரும் வேலை அது.

பிரயோசனம் இல்லையென்று சொல்ல மாட்டேன். வெளிச்சமும் சத்தமும் பெரும்பாலும் நன்றாக இருக்கும், பெரிய திரையில் போர்க்களமும் கடலும் பார்ப்பது ஒரு தனிச் சுகம். ஆனால் படத்துக்குள் புதிதாக எதுவும் வராது. முன்பு சொன்ன 70 எம்.எம். பெருப்பித்தலின் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் மேசையில் இருந்து கதைக்கும் குடும்பப் படத்துக்கு இந்தக் காசைக் கொடுக்காதீர்கள்.

அப்ப ஐமேக்ஸ் கமராவில எடுத்த படம் எண்டு எப்படித் தெரிஞ்சுகொள்ளுறது?

மிகச் சில படங்கள்தான். 2008இல் வந்த தி டார்க் நைட் தான் ஐமேக்ஸ் பிலிம் கமராவில் சில காட்சிகளை எடுத்த முதல் பெரிய கதைப்படம். அதிலும் அரை மணித்தியாலத்துக்குக் கிட்டத்தான். 2023இல் ஓப்பன்ஹைமர் வந்தபோது அதை ஐமேக்ஸ் பிலிமாகவே ஓட்டிய இடங்கள் உலகம் முழுக்க 30 அளவில்தான் இருந்தன. ஒரு பிரதியின் நிறை ஏறக்குறைய 270 கிலோ. 'ஃபில்ம்ட் ஃபார் ஐமேக்ஸ்' என்று போட்டிருந்தால் அது வேறு: கம்பனி அங்கீகரித்த டிஜிட்டல் கமராவில், 1.90 வடிவத்தையும் மனதில் வைத்து எடுத்தது. அதுவும் நல்லதுதான். வெறுமனே 'ஐமேக்ஸில் காணுங்கள்' என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் முந்திய பதிலில் சொன்ன வகை.

லண்டனிலும் ரொறொன்ரோப் பக்கமும் மெல்பனிலும் இருக்கும் உங்கள் சொந்தக்காரர் 'ஐமேக்ஸில் பார்த்தேன், மச்சான், உயிரே போச்சு' என்று சொன்னால் நம்புங்கள். அந்த மூன்று இடத்திலும் பிலிமை ஓட்டும் அரங்கு உண்டு. சென்னையில் உள்ளவை 1.90 வகை. இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் போய் ஏமாறக் கூடாது.

திரை எத்தனை அடி எண்டு பாத்து டிக்கெட் எடுக்கலாமா?

அடிக்கணக்கு போஸ்டருக்கு. உங்கள் கண்ணுக்குத் தேவை கோணம். 100 அடித் திரையைக் கடைசி வரிசையில் இருந்து பார்ப்பதும் 40 அடித் திரையைக் கிட்ட இருந்து பார்ப்பதும் கண்ணுக்கு ஒரே அகலமாக வரலாம். தியேட்டர் கட்டுபவர்கள் வைத்துக்கொள்ளும் கணக்கில், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் திரை குறைந்தது 30 பாகை அகலத்தில் தெரிய வேண்டும். தியேட்டர்களுக்குத் தரச் சான்று கொடுக்கும் டி.எச்.எக்ஸ். கம்பனியின் தரம் 36 பாகை கேட்கும். பெரிய திரை அரங்குகளின் நடுவில் 50, 60 பாகை கிடைக்கும்.

அளக்கக் கருவி வேண்டாம். கதிரையில் இருந்து கையை நேரே நீட்டி, பெருவிரலும் சின்னவிரலும் விரிய ஒரு சாண் பிடியுங்கள். அது சுமார் 20 பாகை. திரையின் இடது ஓரத்தில் இருந்து வலது ஓரம் வரை ஒன்றரைச் சாண் என்றால் சாதாரணம். இரண்டு சாண் நல்லது. மூன்று சாண் வந்தால் நீங்கள் கொடுத்த கூடுதல் காசுக்குத் திரை கிடைத்திருக்கிறது. 'பிரீமியம்' என்று எடுத்த டிக்கெட்டில் ஒன்றரைச் சாண்தான் வருகிறதென்றால், பக்கத்துச் சாதாரண அரங்கில் நாலு வரிசை முன்னுக்கு இருந்திருக்கலாம்.

பெரிய அடிக்கணக்கு எல்லாம் பொய்யென்று அர்த்தமில்லை. ஆந்திராவில் சூலூர்ப்பேட்டையில் 2019இல் திறந்த எபிக் அரங்கின் திரை 100 அடி அகலம். சென்னையில் இருந்து வடக்கே ஏறக்குறைய 80 கிலோமீற்றர் போக வேண்டும், போகிறவர்கள் போகத்தான் செய்கிறார்கள். ஹைதராபாத் பிரசாத்ஸ் ஒரு காலத்தில் பிலிம் ஐமேக்ஸ் ஓட்டியது. பிறகு அந்தப் பெயரை விட்டுவிட்டுத் தன் சொந்தப் பெயரில் 100 அடிக்கு மேற்பட்ட திரையை வைத்திருக்கிறது. பெயர் போன பிறகும் திரை பெரிதாக இருக்கலாம், பெயர் இருந்தும் சின்னதாக இருக்கலாம்.

சரி, எந்த சீட் எடுக்கிறது?

நடு. முன்னிருந்து பின்னாக மூன்றில் இரண்டு பங்கு தூரம். சத்தத்தைச் சரிசெய்பவர்கள் மைக் வைத்து அளப்பதும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான். பெரிய திரையில் ஓரத்துச் சீட் சாதாரண அரங்கை விடக் கேடு, முகமெல்லாம் சரிந்து தெரியும். நடுவில் கிடைக்கவில்லை என்றால் காட்சியை மாற்றுங்கள், சீட்டை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா? அவவுக்குத் தலை சுத்தும்.

தாராளமாக. ஆனால் அவவுக்குக் கடைசி இரண்டு வரிசையில் எடுங்கள். மூன்று சாண் திரையில் கமரா சுழன்றால் பஸ்ஸில் தலைசுற்றும் ஆட்களுக்கு இங்கும் சுற்றும். பின்னுக்குப் போய்க் கோணத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். காதுக்குப் பஞ்சு கொண்டுபோனாலும் பிழையில்லை. 3டி வேண்டாம்.

4கே எண்டு போட்டிருக்கு. 2கேயை விட நாலு மடங்கு துல்லியமாமே?

புள்ளிக் கணக்கில் நாலு மடங்கு. கண்ணுக்கு அப்படி இல்லை. நல்ல பார்வை உள்ளவர் 4கேயின் தனிப் புள்ளியைப் பிரித்தறிய வேண்டுமானால், திரையின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் இருக்க வேண்டும். மூன்று மடங்குக்கு அப்பால் போனால் 2கேயும் 4கேயும் ஒன்றுதான். ஆகவே மேலே சொன்ன சாண் கணக்கில் முன்பாதியில் இருப்பவருக்கு 4கே பிரயோசனம், கடைசி வரிசைக்காரருக்கு அது சும்மா எழுத்து. அதோடு கணினிக் காட்சிகள் நிறைந்த பல படங்களின் கடைசிப் பிரதி 2கேயில்தான் முடிக்கப்படுகிறது.

லேசர் எண்டால் உண்மையிலயே வித்தியாசமா, இல்லாட்டி அதுவும் விளம்பரமா?

இந்தப் பட்டியலில் நான் காசு கொடுக்கத் தயாரான ஒரு சொல் லேசர். சாதாரணத் தியேட்டருக்கு விதிக்கப்பட்ட வெளிச்சம் திரையில் 48 நிட் (நிட் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). பழைய செனன் விளக்கு புதிதாக இருக்கும்போது அதைத் தரும், மணித்தியாலம் ஏற ஏற மங்கும். விளக்கு விலை கூட, அதனால் சில இடங்களில் ஆயுள் முடிந்த பிறகும் ஓட்டுவார்கள். இரவுக் காட்சியில் ஆள் யாரென்று தெரியாமல் இருட்டாக ஒரு படம் பார்த்திருப்பீர்களே, பிழை பெரும்பாலும் ஒளிப்பதிவாளருடையது இல்லை. லேசர் பல ஆயிரம் மணித்தியாலம் அதிகம் மங்காமல் நிற்கும்.

லேசரிலும் இரண்டு வகை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி லேசர் வைத்தது மேலானது, நிறம் நன்றாக விரியும். நீல லேசரை பொஸ்பர் சக்கரத்தில் அடித்து மற்ற நிறங்களை எடுப்பது மலிவானது. இரண்டுக்கும் 'லேசர்' என்றே போர்டு. கேட்டுப் பாருங்கள், கவுண்டரில் இருக்கும் பிள்ளைக்குத் தெரியாவிட்டாலும் புரொஜெக்டர் பார்க்கும் ஆளுக்குத் தெரியும்.

டால்பி சினிமாவும் டால்பி அட்மாஸும் ஒண்டுதானே?

இல்லை. அட்மாஸ் என்பது சத்தம் மட்டும். 2012இல் வந்தது. தலைக்கு மேலும் ஸ்பீக்கர் வைத்து, 64 ஸ்பீக்கர் வரை தனித்தனியே ஓட்டலாம். ஒரு ஹெலிகொப்டர் சத்தத்தைக் கூரையில் இடமிருந்து வலம் நகர்த்தலாம். டால்பி சினிமா என்பது முழு அரங்கு: இரட்டை லேசர் புரொஜெக்டர், அட்மாஸ், கறுப்புப் பூசிய சுவர் எல்லாம் சேர்ந்தது. 2014இல் நெதர்லாந்தில் முதலாவது திறந்தது. இந்தியாவில் முதலாவது 2025இல் பூனேயில் வந்தது. கடைவாசலில் 'டால்பி' என்ற சொல்லைப் பார்த்ததும் டால்பி சினிமா என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் நிறைய.

டால்பி சினிமாவின் பெரிய பலம் திரை அளவு இல்லை, கறுப்பு. வெளிச்சம் 108 நிட், சாதாரணத்தை விட இரண்டு மடங்குக்கு மேல். கறுப்போ உண்மையான கறுப்பு. இதன் அருமை எனக்குத் தொழிலால் தெரியும். திருவிழாவில் மைதானத்தில் துணித் திரை கட்டிப் படம் போடும்போது, தூரத்தில் ஒரு தெருவிளக்கு எரிந்தாலே கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். ஆட்களுக்கு எதற்கென்று தெரியாது, 'படம் வெளிறிப்போயிருக்கு' என்பார்கள். நான் புரொஜெக்டரைத் தொடவே மாட்டேன். அந்த விளக்குக்கு ஒரு சாக்கு கட்டிவிடச் சொல்வேன், படம் திருந்திவிடும். வெளிச்சத்தைக் கூட்டுவதை விடக் கறுப்பைக் காப்பாற்றுவது பெரிய வேலை. திரை அளவை மட்டும் விற்கும் அரங்குகள் பல கோட்டை விடுவது இங்கேதான்.

சத்தம் கூடினால் நல்ல தியேட்டரா?

சத்தம் பெரிதாக இருப்பதும் தெளிவாக இருப்பதும் வேறு வேறு. தியேட்டர் ஒலிப்பெட்டியில் 7 என்று ஒரு நிலை உண்டு. படத்துக்கு ஒலி சேர்த்தவர்கள் அந்த நிலையில் கேட்டுத்தான் வேலை செய்திருப்பார்கள். ஆட்கள் காதைப் பொத்தினால் தியேட்டர்காரர் 5க்கு இறக்குவார், அப்போது வசனம் அமுங்கும். நல்ல அரங்கில் 7இல் வைத்தாலும் காது நோகாது, மெல்லக் கதைக்கும் வசனமும் விளங்கும். கதிரை அதிர்ந்தது என்பதை வைத்துச் சத்தத்துக்கு மார்க் போடாதீர்கள். இன்னொன்று: ஐமேக்ஸ் அட்மாஸைப் பயன்படுத்துவதில்லை. அதற்குத் தன் சொந்த அமைப்பு, லேசர் வகையில் 12 தடம்.

3டியில பாக்கவா?

கண்ணாடி போட்டதும் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மேலே லேசர் பற்றிச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். இரட்டை லேசர் அரங்கென்றால் பார்க்கலாம், மற்ற இடத்தில் 2டி.

4டிஎக்ஸ், ஸ்கிரீன்எக்ஸ் எண்டெல்லாம் வருதே?

4டிஎக்ஸ் கதிரை ஆடும், தண்ணி தெளிக்கும். ஸ்கிரீன்எக்ஸ் பக்கச் சுவரிலும் படம் ஓட்டும். இரண்டும் தென்கொரியாவில் இருந்து வந்தவை. சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். படத்தின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதுக்காக திருகோணமலையில இருந்து கொழும்புக்குப் போறது வொர்த்தா?

படம் பார்க்க மட்டும் என்றால், அநேகமாக இல்லை. ஹபரணை, தம்புள்ளை வழியாகப் போனால் ஏறக்குறைய 260 கிலோமீற்றர். இரவு ரயிலில் போய் இரவு ரயிலில் வந்தாலும் பயணம், சாப்பாடு, கொழும்பில் ஓட்டோ என்று கூட்டினால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். சாதாரண டிக்கெட்டுக்கும் பிரீமியம் டிக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கணக்கில் காணாமலே போய்விடும்.

இதை மறுபக்கமாகவும் பார்க்கலாம். கலியாணத்துக்கோ வைத்தியத்துக்கோ விசா அலுவலுக்கோ எப்படியும் கொழும்புக்குப் போகிறீர்கள், ஒரு பின்னேரம் சும்மா கிடைக்கிறது என்றால் அங்கே மலிவு டிக்கெட் தேடாதீர்கள். வன் கோல்ஃபேஸில் உள்ள பி.வி.ஆரிலோ கொழும்பு சிற்றி சென்ரரில் உள்ள ஸ்கோப்பிலோ இருப்பதில் நல்ல அரங்கு எதுவோ அதில், நடுச் சீட்டை முன்கூட்டியே எடுங்கள். பயணக் காசு ஏற்கனவே செலவாகிவிட்டது. மிச்சம் பிடிப்பதற்கு அது இடமில்லை.

சென்னைக்குப் போறம். எங்க பாக்கலாம்?

ஐமேக்ஸ் என்றால் வடபழனி பலாஸோவும் வேளச்சேரி பீனிக்ஸ் மோலில் உள்ளதும். கோயம்புத்தூர்ப் பக்கம் போனால் பிரோட்வேயில் ஐமேக்ஸும் எபிக்கும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட வசதியான இடம் தமிழ்நாட்டில் இல்லை. பலாலியில் இருந்து விமானம் ஏறுபவர்கள் மாலைக் காட்சியை முதல்நாளே பதிவு செய்துவிட்டு ஏறுங்கள். புதுப் படம் வந்த வாரத்தில் போய் இறங்கி நடுச் சீட் கேட்டால் சிரிப்பார்கள்.

வீட்டில 55 இஞ்ச் டிவி இருக்கு. அது காணாதா?

கோணக் கணக்கில் காணும். 55 இஞ்ச் டிவியின் அகலம் ஏறக்குறைய 122 சென்ரிமீற்றர். ஆறடி தூரத்தில் கதிரையைப் போட்டால் டி.எச்.எக்ஸ். கேட்கும் 36 பாகை வந்துவிடும். ஆனால் எங்கள் வீடுகளில் டிவி ஒரு சுவரில், செற்றி எதிர்ச் சுவரில், இடையில் பன்னிரண்டடி. அங்கிருந்து ஒரு சாண் கூட வராது. கதிரையை முன்னுக்கு இழுத்து, லைட்டை அணையுங்கள். சத்தம்தான் வீட்டில் வராது. டிவியின் சொந்த ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு தியேட்டரோடு போட்டி போட முடியாது.

தியேட்டர்காரர் சொல்லுறது உண்மையா எண்டு உள்ளுக்குப் போய் எப்படிப் பாக்கிறது?

முதலில் திரும்பிப் பின்சுவரைப் பாருங்கள். புரொஜெக்டர் அறையின் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு வில்லையில் இருந்து ஒளி வந்தால் இரட்டைப் புரொஜெக்டர், ஒன்றென்றால் ஒன்று. அடுத்தது, படத்தில் காட்சி முழுக்க இருளும் ஒரு நொடி வரும். அப்போது திரையின் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால் கறுப்பு நல்லது. சாம்பல் நிறத்தில் ஒரு செவ்வகம் மினுங்கிக்கொண்டு நின்றால், விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது சாதாரண புரொஜெக்டர், அல்லது எக்ஸிட் விளக்கு திரையில் அடிக்கிறது.

மூன்றாவது, ஸ்கோப் படம் ஓடும்போது மேலும் கீழும் உள்ள வெற்றுப் பகுதியைக் கறுப்புத் துணியால் மூடுகிறார்களா என்று பாருங்கள். முன்பு எல்லா நல்ல படமாளிகையிலும் திரைச்சீலை படத்தின் வடிவத்துக்கு நகரும். இப்போது புதிதாகக் கட்டும் பல இடங்களில் அதை வைப்பதே இல்லை. கேட்டால் 'புது டிசைன்' என்பார்கள். செலவு மிச்சம் என்பதுதான் விஷயம்.

உங்கட காசெண்டால் குடுப்பீங்களா?

பெரிய திரைக்காகவே எடுத்த படம், நடுச் சீட், லேசர். மூன்றும் சேர்ந்தால் யோசிக்காமல் கொடுப்பேன். இரண்டுதான் என்றால் கையில் உள்ளதைப் பார்ப்பேன். ஒன்றுதான் என்றால் எங்கள் ஊரிலேயே பார்த்துவிட்டு, மிச்சக் காசுக்குக் கடற்கரையில் பொரித்த இறால் வாங்குவேன். கதிரை சாயும், போர்வை தருவார்கள், சாப்பாடு கொண்டுவந்து தருவார்கள் என்ற பிரீமியத்துக்கு நான் சல்லிக்காசு கொடுக்க மாட்டேன். அது படத்துக்கான காசு இல்லை. நித்திரை கொள்ளப் போகிறவர்கள் கொடுக்கட்டும்.

ஒரே கட்டடத்தில ஐமேக்ஸும் இருக்கு, அட்மாஸ் போட்ட லேசர் அரங்கும் இருக்கு. படம் முழுக்க ஸ்கோப். எதுக்குப் போறது?

பெயரைப் பார்த்தால் ஐமேக்ஸ் என்றுதான் கை போகும். ஆனால் படம் முழுக்க 2.39 என்றால் ஐமேக்ஸ் திரையில் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெறுமையாகக் கிடக்கும் என்று மேலே சொன்னேன். பக்கத்து அரங்கு ஸ்கோப் வடிவத் திரை என்றால் படம் அதை முழுதாக நிரப்பும். அகலம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றென்றால் ஐமேக்ஸில் ஒரு லாபமும் இல்லை. படத்தின் ஒலியை முதலில் அட்மாஸில் அமைத்திருந்தால் அதையும் அங்கேதான் அப்படியே கேட்கலாம்.

ஆகவே அட்மாஸ் அரங்கு. ஒரு விதிவிலக்கு உண்டு: ஐமேக்ஸ் திரையின் அகலம் மற்றதை விட மிகக் கூடவாக இருந்தால், பட்டி விழுந்தாலும் படம் பெரிதாகத்தான் தெரியும், அங்கே போங்கள். பதிவு செய்யும் செயலியில் இரண்டு அரங்கின் சீட் வரைபடத்தையும் திறந்து, ஒரு வரிசையில் எத்தனை சீட் என்று எண்ணினால் எது அகலம் என்று ஓரளவு பிடிபடும். கதிரை அகலம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், சாய்வுக் கதிரை போட்ட அரங்கில் இந்தக் கணக்கு எடுபடாது.